எல்லாரும் ஒரு மீட்டர் உயரம்

மாற்றி எழுதுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. கதையை அல்ல, கணினி நிரலை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலைக் கண்டால் இவருக்குக் கை அரிக்கும். ஓடாததைக் கண்டால் அரிக்காது. அதைப் பழுது பார்க்க வேறு ஆள் உண்டு. ஓடுகிறதே, அதைத்தான் இன்னொரு மொழியில் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஏன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உட்கார வைத்துவிடுவார். பழைய மொழி மெதுவாம், கண்டிப்பே கிடையாதாம், செல்லம் கொடுத்துக் கெடுக்குமாம். புதிய மொழியோ ஓர் எழுத்துப் பிசகினாலும் மண்டையில் நறுக்கென்று குட்டுமாம். குட்டு வாங்குவதில் ஒரு மனிதருக்கு இத்தனை ஆனந்தமா என்று நீங்கள் வியந்து முடிப்பதற்குள் உங்கள் காபி ஆறிப்போயிருக்கும்.

நம்மவர் ஒருவரையே பார்ப்போமே. இவருடைய அக்கா பஸ் டிப்போவில் நர்ஸ். ஆறு வருடத்துக்கு முன்பு அக்காவுக்காகப் பதினோரு வரியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தார். டிரைவரின் உயரத்தையும் எடையையும் தட்டினால் பி.எம்.ஐ. வரும், அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்த எண். எண் முப்பதைத் தாண்டினால் அந்த டிரைவர் வண்டியைத் தொடக் கூடாது, முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். தாண்டாவிட்டால் அக்கா தகுதிச் சீட்டில் கையெழுத்துப் போடுவாள். ஆறு வருடமாக ஒரு குறையும் இல்லை. குறையே இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்பது நம்மவருக்குத்தானே தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தார். மனைவி கடைக்குக் கூப்பிட்டபோது “இதோ அஞ்சு நிமிஷம்” என்றார். அவள் போய், வாங்கி, திரும்பி, வாங்கியதை அடுக்கியும் வைத்துவிட்டாள். பதினோரு வரி நூற்று நாற்பது வரியானது. சோதித்தும் பார்த்தார், அதில் குறை சொல்லக் கூடாது. கணக்குச் சுலபமாக இருக்கட்டுமே என்று உயரம் இருநூறு சென்டிமீட்டர், எடை எண்பது கிலோ என்று தட்டினார். இருபது என்று வந்தது. சரியான விடை. அப்படியோர் ஆளை அவர் பிறந்ததிலிருந்து நேரில் பார்த்ததில்லை என்பது அப்போது தோன்றவில்லை. டிப்போவுக்கே போய்ப் புதியதை ஏற்றினார். பழையது இருந்தால் புதியதற்கு மரியாதை இருக்காது என்று அதை இருந்த இடம் தெரியாமல் அழித்தார்.

மறுநாள் டிரைவர்களுக்கு ஆண்டுப் பரிசோதனை. முப்பத்தொரு பேர். முதலில் வந்தவர் டிப்போவிலேயே ஒல்லியானவர். பஸ் கதவைத் திறக்காமலே உள்ளே போய்விடுவார் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். உயரம் நூற்று எழுபத்திரண்டு, எடை ஐம்பத்திரண்டு. திரையில் பி.எம்.ஐ. ஐம்பத்திரண்டு, சிவப்பு எழுத்தில் ‘மிகை உடல் பருமன்’. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே சிவப்பு. ஒல்லிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“சிஸ்டர், அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. வீட்ல காட்டணும். என்ன போட்டாலும் உடம்புல ஒட்டலைன்னு இருபது வருஷமா அழுவுறா.”

அடுத்தவரும் சிவப்பு. அதற்கடுத்தவரும். அரை மணியில் பெஞ்சு முழுக்கப் பருமன் நோயாளிகள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஒரு பஸ்கூட நகரவில்லை. மானேஜர் இரண்டு முறை வாசல்வரை வந்து அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். வண்டி நின்றால் கேள்வி கையெழுத்துப் போடுகிறவளுக்குத்தான் வரும். தப்பான சீட்டில் போட்டாலும் அவளுக்குத்தான். அக்கா தம்பிக்குப் போன் போட்டாள்.

“டேய், உன் புது மொழியில மனுஷன் எவ்வளவுடா உயரம்?”

“கணக்கு வேகமா வருதாக்கா?”

“வருது. தப்பா வருது. முன்னெல்லாம் இவ்வளவு வேகமா தப்பு வந்ததே இல்ல.”

விஷயம் இதுதான். அந்தக் கண்டிப்பான மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். நூற்று எழுபத்திரண்டை நூறால் வகுத்து மீட்டராக்கச் சொன்னால் ஒன்று என்னும். நூற்று ஐம்பதானாலும் ஒன்று, நூற்றுத் தொண்ணூற்றொன்பதானாலும் ஒன்று. உலகத்தில் எல்லாரும் ஒரு மீட்டர் உயரம். இதற்கு மட்டும் அது குட்டவே இல்லை.

பழையதைத் திரும்பப் போடச் சொன்னாள் அக்கா. “அதை அழிச்சுட்டேன்க்கா” என்றார் தம்பி. போனை வைத்தாள், பேனாவை எடுத்தாள், முப்பத்தொரு பேருக்கும் தாளிலேயே பெருக்கி வகுத்துக் கையெழுத்துப் போட்டாள். வண்டிகள் ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பின. மாலையில் தம்பி மன்னிப்புக் கேட்க வந்தபோது அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

அவர் நிஜமாகவே வருந்தினார். கண்கூடக் கலங்கியது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “தப்பு என்னோடது இல்லக்கா, அந்த மொழியோடது. இன்னொண்ணு இருக்கு...” என்றார். மீதிக் கதவும் மூடியது.

சிரிக்கிறீர்கள். எனக்கும் நிரலுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறீர்கள். இருக்கட்டும். போன வாரம் உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியை யாரோ ‘வசதியாக’ மாற்றி அடுக்கினார்களாமே, இன்னும் எல்லாரும் உப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாமே. அடுக்கினது யார்?