சக்கரவர்த்தி சாக ஓர் இடம்

உலகத்தில் எத்தனையோ சக்கரவர்த்திகள் வாழ்ந்திருக்கிறார்கள். இரும்புக் கட்டிலின் மேல்தட்டில், ஏசிக் காற்று நேராக மூக்கில் அடிக்கும் இடத்தில், மங்கி குல்லா போட்டுக்கொண்டு படுத்திருந்த சக்கரவர்த்தி ஒரே ஒருவர்தான். அவர் புஜைராவில் எங்கள் ரூமில் இருந்தார். கீழ்த்தட்டில் நான்.

லேபர் கார்டில் அவருக்கு வேறு பெயர். ஆபீஸில் காகிதங்களைக் கட்டி மேய்க்கிறவன் என்பதால் எனக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எண்ணெய் டேங்குகளைப் பழுது பார்க்கும் எங்கள் கம்பெனியில் வெல்டர். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். அவர்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒன்பதாம் நாள் ஒரு நாடகம் போடுவார்கள். யாரோ ஒரு வெளிதேசத்துப் புனிதரின் கதை. அதில் ஐரோப்பியச் சக்கரவர்த்தி ஒருவர் வருவார். தலையில் கிரீடம், தோளில் வெல்வெட் அங்கி, உடம்பெல்லாம் ஜரிகை. பதினெட்டு வருஷம் அந்த வேஷம் இவருக்குத்தான். துபாய்க்கு, மஸ்கட்டுக்கு என்று எங்கே வேலைக்குப் போனாலும் திருவிழாவுக்கு லீவு வாங்கி ஊருக்குப் போய்விடுவார்.

கடைசிக் காட்சியில் சக்கரவர்த்தி வெட்டுப்பட்டுச் சாக வேண்டும். சும்மா சாக மாட்டார். ராணிக்கு ஒரு பாட்டு, மந்திரிக்கு ஒரு பாட்டு, குதிரைக்கு ஒரு பாட்டு. எல்லாம் பாடி முடித்துத்தான் கண்ணை மூடுவார். முக்கால் மணி நேரம் ஆகும்.

"சட்டுன்னு சாவ எனக்கென்ன கரண்ட் ஷாக்கா அடிச்சிருக்கு? ராசா சாவுதாருலே!" என்பார்.

கஷ்டம் என்னவென்றால், எங்கள் கம்பெனிக்கு வந்தபிறகு இரண்டு வருஷமாக அவருக்குத் திருவிழா லீவு கிடைக்கவில்லை. சரியாக அந்த மாதத்தில் டேங்குகளைக் காலி செய்து வேலை நடக்கும். வெல்டருக்கு லீவு என்றால் மேனேஜர் சிரிப்பார். அந்த இரண்டு வருஷமும் மேலத்தெரு சூசை என்பவர் கிரீடத்தை வைத்துக்கொண்டார். சூசையின் சாவை யாரோ போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். பத்தே நிமிஷம். நம் ஆள் அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

"பல்லிகூட இதவிட நிதானமாச் சாவும், மக்கா."

அந்த ஊர் வழக்கப்படி, பழைய ஆள் வராமல் அவருக்குப் பதிலாக ஒருவர் தொடர்ந்து மூன்று வருஷம் ஆடிவிட்டால் வேஷம் புது ஆளுக்கே சொந்தம். பிறகு கேட்க முடியாது. இது மூன்றாவது வருஷம்.

லீவு ஃபாரத்தை நான்தான் அடித்தேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விசேஷம்' என்று போட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கோயில் காரியத்துக்குப் பொய் சொல்லப்பிடாது. உள்ளத எழுது. நீ படிச்சவன்லா?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவன் நான். படித்தவன் என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு மறுக்க வராது. 'இந்த ஊழியர் சக்கரவர்த்தியாக இருக்க வேண்டியிருப்பதால் இருபத்தொரு நாள் விடுப்பு தேவைப்படுகிறது' என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார். மறுக்கவும் இல்லை, கையெழுத்தும் போடவில்லை. பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்துவிட்டார்.

அந்த மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறடி வெள்ளைக்காரர். வாரநாளில் பிரஷர், வால்வ், பெர்மிட் தவிர வேறு பேச்சு கிடையாது. சனி ஞாயிறு வந்தால் ஆள் எண்ணூறு வருஷம் பின்னால் போய்விடுவார். அவரும் துபாயிலிருந்து வரும் அவருடைய சிநேகிதர்களும் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை அவருடைய வில்லாவின் பின்பக்கம் கூடுவார்கள். போனை எல்லாம் ஒரு கூடையில் போட்டுவிட்டு, இரும்புச் சட்டை மாட்டி, முனை மழுங்கிய வாளால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள். பிறகு நெருப்பு மூட்டிக் கறி சுட்டுச் சாப்பிடுவார்கள். பழைய காலத்துப் போர்வீரர்களைப் போலவே இருந்து பார்ப்பதாம்.

ஒருநாள் அவருடைய தலைக்கவசத்தில் முகமூடியின் கீல் விட்டுப்போய், அதைத் தூக்கிக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்கு வந்தார். நானும் கூட இருந்தேன். சக்கரவர்த்தி தம் வெல்டிங் முகமூடியை ஒரு தலையாட்டலில் மேலே தூக்கிவிட்டு அந்தக் கவசத்தை வாங்கினார். மேனேஜர் அசந்து நின்றார். அவர் ஆறு வருஷமாகப் பழகியும் வராத தலையாட்டல் அது.

"வாய்க்கு ஓட்டை எங்கடே?" என்று என்னைக் கேட்டார் சக்கரவர்த்தி.

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். வாய்க்கு எதற்கு ஓட்டை என்றார் மேனேஜர்.

"பின்ன எப்பிடிப் பாடுவாரு?"

போர்வீரர்கள் சண்டையில் பாடுவதில்லை என்றார் மேனேஜர். சக்கரவர்த்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாவம்லே. இவருக்கு யாரும் ஒழுங்காச் சொல்லிக் குடுக்கல."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. பதினெட்டு வருஷ விஷயத்தை மட்டும் சொன்னேன். மேனேஜருடைய முகம் விரிந்தது. அவர்கள் சங்கத்தில் ஒரு குறை இருந்தது. எல்லாருக்கும் ஜெயிக்கிற பக்கம்தான் வேண்டும். தோற்க ஆள் இல்லை. பன்னிரண்டு பேருடன் வந்து தோற்க முடியுமா, ராஜாவைக் கடைசியில் தாமே கொல்ல வேண்டும் என்று கேட்டார்.

"செத்துத் தந்தா லீவு தருவாரான்னு கேளு."

கேட்டேன். மேனேஜர் வழக்கம்போலச் சிரித்தார். ஆனால் ஆபீஸுக்குத் திரும்பியதும் அந்தப் பேப்பர் வெயிட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். நான் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியமே சக்கரவர்த்தி ரூமில் தையல் மெஷினை ஓட்ட ஆரம்பித்தார். ஊருக்குத் திரும்பிய ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கிய பழைய மெஷின். திரைச்சீலைக் கடையில் எடுத்த சிவப்பு வெல்வெட் கட்டிலிலிருந்து பாத்ரூம் வாசல்வரை விரிந்து கிடந்தது. அளவெடுக்க வெல்டரின் இரும்பு டேப். அது சடக்கென்று சுருண்டு தொப்பையில் அடிக்கும். பன்னிரண்டு வீரர்களும் கேம்ப்பில் ஹெல்ப்பர், சாரம் கட்டுபவர் என்று இருந்த ஆட்கள். அதில் பெரம்பலூர் செல்வத்துக்குத்தான் ஆர்வம் ஜாஸ்தி.

"அண்ணே, நான் செத்தப்புறம் கண்ணத் தொறந்து பாக்கலாமா?"

"செத்தவன் என்னத்தப் பாக்கப் போறான்?"

"உங்க பாட்டக் கேக்கணும்ல?"

"கேக்கதுக்குக் காது போதும். கண்ண மூடு."

நடுவில் மேனேஜர் ஒரு பட்டியல் அனுப்பினார். நான் படித்துக் காட்டினேன். "அந்தக் காலத்துல பழுப்பு, சாம்பல் மாதிரி மங்கின நிறந்தானாம் அண்ணே. பளபளன்னு எதுவும் கூடாதாம். ஜரிகை கிடையவே கிடையாதாம்."

மெஷின் நின்றது. "இவரு போயிப் பாத்தாரா?"

"புஸ்தகத்துல இருக்காம்."

"ராசா ஒடம்புல ஜரிகை இல்லன்னா பின்ன யாரு ஒடம்புலலே இருக்கும், கொத்தனார் ஒடம்புலயா?" மெஷின் மறுபடி ஓடியது. கிரீடத்தைத் தகரத்தில் வெட்டித் தங்க நிறத் தாள் ஒட்டினார். ஆறு முனை.

ஒரு சனிக்கிழமை போர்க்களத்தைப் பார்த்து வரலாம் என்று வில்லாவுக்குப் போனோம். தப்பு அங்கேதான் நடந்தது. பின்பக்கம் முழுக்க வெறும் மணல். ஓரத்தில் மேனேஜருடைய மனைவி நாலு தக்காளிச் செடி வைத்திருந்தார். அவை உப்புத் தண்ணீரில் வாடி நின்றன. சக்கரவர்த்தி போர்க்களத்தைப் பார்க்கவில்லை. மண்ணை அள்ளி மோந்து பார்த்தார்.

"இம்புட்டு எடத்தச் சும்மா போட்டு வச்சிருக்காங்களே. மனசு வருதா இவங்களுக்கு?"

அடுத்த நாளே மீன் மார்க்கெட்டிலிருந்து இரண்டு பக்கெட் மீன் கழிவோடு வந்து நின்றார். அந்த நாற்றத்தில் மேடம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சக்கரவர்த்தி அசராமல் அதைக் குழி தோண்டிப் புதைத்து, பவுடர் டப்பாவில் வைத்திருந்த முளைக்கீரை, வெண்டை விதைகளைத் தூவி, சும்மா சுருண்டு கிடந்த சொட்டுநீர்க் குழாயை இழுத்துவிட்டார். எட்டாம் நாள் பச்சை தெரிந்ததும் மேடம் டீக் கோப்பையோடு வெளியே வந்தார். அதற்கடுத்த வாரம் முட்டி போட்டுக் களை பிடுங்கினார். இவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. சனி ஞாயிறு முழுக்க இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பாத்தி மேல் பாத்தியாக வளர்ந்து, கடைசியில் மிஞ்சியது நடுவில் நாலடி அகலத்தில் ஒரு பாதை.

"அண்ணே, போர் எங்க நடக்கும்?"

பாதையைக் கையால் காட்டினார். "ஏன், இது காணாதா?"

போர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பிப்ரவரி மாதம், உடம்புக்கு இதமான காற்று. சங்கத்து ஆட்கள் குடும்பத்தோடு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கீரையில் யார் கால் பட்டாலும் இரவுச் சாப்பாடு கிடையாது என்று மேடம் இரண்டு படைக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டார். ஆகவே சரித்திரத்திலேயே முதல்முறையாக இரண்டு சேனைகள், ரேஷன் கடை வரிசைபோல ஒருவர் பின் ஒருவராக நின்று மோதிக்கொண்டன.

நம் வீரர்கள் வாக்குத் தவறாமல் செத்தார்கள். எங்கே சாவார்கள்? பாதையில்தான். முதல் ஆள் விழுந்தான், அவன் காலடியில் இரண்டாவது ஆள், குறுக்கே மூன்றாவது. செல்வம் ரொம்ப ரசித்துச் செத்து இரண்டு பேர் மேல் போய் விழுந்தான்.

"யோவ், முழங்கையை எடுய்யா. பொணத்துக்கு மூச்சு முட்டுது."

"பொணம் பேசாதடா."

ஜெயித்தவர்கள் பின்வாங்கிக் கைதட்டினார்கள். இப்போது சக்கரவர்த்தியும் மேனேஜரும் மட்டும். பழுப்புத் துணியும் இரும்புமாக அவர். சிவப்பு வெல்வெட்டும் ஜரிகையும் கிரீடமுமாக இவர். நாலு வெட்டு, நாலு தடுப்பு. ஐந்தாவது வெட்டில் மேனேஜரின் வாள் சக்கரவர்த்தியின் நெஞ்சில் பட்டது. சக்கரவர்த்தி "ஆ!" என்றார். தள்ளாடினார். ராணிக்கான பாட்டைத் தொடங்கினார்.

நாற்காலிக்காரர்கள் அப்படியே அடங்கிவிட்டார்கள். குரல் அப்படி. மேனேஜரும் மரியாதையாக நின்றார். பாட்டு முடிந்தது. சக்கரவர்த்தி சாகவில்லை. மந்திரிக்குப் பாடினார். சாகவில்லை. மேனேஜர் இன்னொரு முறை வெட்டினார். சக்கரவர்த்தி அந்த வெட்டையும் ஏற்றுக்கொண்டு குதிரைக்குப் பாடினார். மேனேஜர் மறுபடி மறுபடி வெட்டினார். குதிரைப் பாட்டு முடிந்ததும் மறுபடி ராணிக்கே வந்தார். கவசத்துக்குள்ளிருந்து மேனேஜரின் மூச்சு விசில்போலக் கேட்டது. "செத்துத் தொலை, மனுஷா!" என்று அவர் ஆங்கிலத்தில் கத்தியது எல்லாருக்கும் கேட்டது.

 பேப்பர் வெயிட்டுக்கு அடியிலிருந்த லீவு ஃபாரத்தைக் கையெழுத்துக்காக என் ஃபைலில் எடுத்து வந்திருந்தேன். பாத்தி ஓரமாகவே ஓடினேன்.

"அண்ணே, உங்க காலப் புடிக்கிறேன், செத்துருங்க! லீவு போயிரும்!"

சக்கரவர்த்தி பாட்டின் ராகத்தை விடாமலே என் பக்கம் திரும்பினார். "எங்கலே சாவ? எடத்தக் காட்டு!"

அப்போதுதான் பார்த்தேன். பாதை முழுக்கப் பன்னிரண்டு பிணங்கள். இந்தப் பக்கம் முளைக்கீரை. அந்தப் பக்கம் வெண்டை. எண்பத்தைந்து கிலோ சக்கரவர்த்தி, கால் வைக்க மட்டும் இடம் உள்ள ஒரு சாண் மணலில் நின்றுகொண்டு, வேஷமா கீரையா என்று அத்தனை நேரமாகத் தவித்துக்கொண்டிருந்தார். கீரையை மிதித்து விழுந்திருந்தால் லீவு கிடைத்திருக்கும். அவர் விழவில்லை.

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. அவர் எழுந்து, தாம் உட்கார்ந்திருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து, செல்வத்தின் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்தார். செல்வம் பிணமாக இருந்துகொண்டே ஒத்துழைத்தான். சக்கரவர்த்தி அங்கியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, கடைசி அடியைப் பாடி, தலையைச் சாய்த்துச் செத்தார். நாற்காலிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மேனேஜர் தட்டவில்லை. கவசத்தைக் கழற்றி, ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, என்னை விரலால் கூப்பிட்டார்.

"நான் அவனை ஏழு தடவை கொன்றேன். ஏன் சாகவில்லை?"

"இடம் இல்லை சார். இரண்டு பக்கமும் கீரை சார்."

அவர் திரும்பிப் பாதையைப் பார்த்தார். பாத்திகளைப் பார்த்தார். ஒரு செடிகூட ஒடியவில்லை.

"அவனுடைய ஊரில் சாவதற்கு எவ்வளவு நேரம் எடுப்பான்?"

"முக்கால் மணி நேரம் சார்."

"இந்த வருஷம் அவன் போகவில்லை என்றால்?"

"வேறொருவர் சாவார் சார்." உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். "பத்து நிமிஷம்தான் சார்."

மேனேஜர் காலிப் பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு, "அது சரியில்லை" என்றார். இரும்புக் கையுறையைக் கழற்றி, என் பேனாவை வாங்கி, என் ஃபைலின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஷார்ஜா ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பெட்டியில் வெல்வெட் அங்கி. கிரீடம் நசுங்கிவிடும் என்று ஒரு அட்டைப்பெட்டியில் தனியாகக் கையில். உள்ளே நுழையும் இடத்தில் ஒரு செக்யூரிட்டிக்காரர் அதைத் திறக்கச் சொன்னார். திறந்து பார்த்துவிட்டு, என்ன இது என்று இந்தியில் கேட்டார். சக்கரவர்த்திக்கு அவ்வளவு இந்தி வராது. எடுத்துத் தலையில் வைத்துக் காட்டினார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே "யல்லா, யல்லா" என்று போகச் சொல்லிக் கையை வீசினார்.

கழற்ற மறந்துவிட்டார் போலிருக்கிறது. பெட்டியும் பையுமாக நகரும் அத்தனை தலைகளுக்கு நடுவில் அந்த ஆறு முனைத் தகரம் மட்டும் மினுமினுத்துக்கொண்டு போனது. மறையும்வரை நின்றேன்.

லீவு இருபத்தொரு நாள் என்று அடித்தவனே நான்தான். ஆனாலும் ரூமுக்கு வந்ததும் காலண்டரை எடுத்து, அவர் வர இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினேன்.