வசதிக் கட்டணமும் முழுரிக்கெற்றும்

காசு கட்டிய எதையும் பாவிக்காமல் விட்ட நாள் என் சாரதி முழுரிக்கெற்றின் வாழ்க்கையில் கிடையாது. ஒருமுறை ஓர் ஆளைத் தேடி முருங்கனுக்கு பஸ்ஸில் ரிக்கெற் எடுத்தான். அந்த ஆள் பக்கத்து இருக்கையிலேயே இருந்தான். கதைத்து முடித்தும் இறங்கவில்லை. முருங்கன் வரை போய்த்தான் திரும்பினான். பெயர் அப்படி வந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இன்று என் பெயரில் மூன்று வான் ஓடுகிறது. மன்னாரில் என் சொல்லைத் தட்டுகிறவர்கள் குறைவு. அன்று காலை தட்டினார்கள்.

மட்டக்களப்பிலிருந்து தனியாக வந்த ஓர் அம்மா. புருசனின் ஆண்டுத் திவசம், பிள்ளைகள் இல்லை. திருக்கேதீஸ்வரத்துப் பாலாவியில் தீர்த்தமாடி, ஐயரைக் கொண்டு கடமை முடிக்க வேண்டும். முதல் நாள் இரவு கடற்கரை ஹோட்டல் ஒன்றில் தங்கினார். காலையில் அவரை ஏற்ற நானும் முழுரிக்கெற்றும் போனோம். போனில் சொன்ன வாடகைக்கு மேல், பில்லில் 'வசதிக் கட்டணம்' என்று இன்னொரு தொகை. நீச்சல் குளம், கடற்கரைக் கதிரை, சைக்கிள். அதைக் கட்டினால் திவசத்துக்குக் காசில்லை.

நான் அதட்டிப் பார்த்தேன். மனேச்சர் அசையவில்லை.

"வீட்ட போவம் மகன், அவர் கோவிக்கமாட்டார்" என்றார் அந்த அம்மா.

முழுரிக்கெற் முன்னே வந்தான். "தம்பி, இதெல்லாம் இவ பாவிச்சவவோ?"

"பாவிச்சாலும் பாவிக்காட்டிலும் கட்டத்தான் வேணும் அண்ணை."

"அப்ப இனிப் பாவிக்கலாம்?"

"ஓம்…"

முழுரிக்கெற் உடுத்த சாரத்தோடு நீச்சல் குளத்தில் பாய்ந்தான். அந்த நேரம் பார்த்து, பெட்டிகளோடு ஒரு குடும்பம் வந்து இறங்கியது.

"வாங்கோ, வாங்கோ! குளத்துக்கும் காசு, கதிரைக்கும் காசு. போனில சொன்னவையோ?" என்று தண்ணீருக்குள் நின்றபடி கேட்டான் முழுரிக்கெற்.

"எங்களுக்கும் ஒண்டும் சொல்லேல்லையே!" அவர்கள் பெட்டியைத் தூக்கித் திரும்பத் தங்கள் வானில் வைக்கத் தொடங்கினார்கள்.

மனேச்சர் ஓடி வந்தார். "அண்ணை, குளத்தால ஏறுங்கோ! அவவின்ர பில்லில அந்தக் காசை வெட்டிப்போட்டன்!"

"சைக்கிளும்?"

"ஐயோ, அதுவும்தான்!"

இனி அது காசு கட்டாத குளம். சுடுதண்ணீரில் விழுந்தவன் போல வெளியே பாய்ந்தான்.

பாலாவியில் அந்த அம்மா தண்ணீரில் இறங்கி நெடுநேரம் கைகூப்பி நின்றார். முழுரிக்கெற் ஈரச் சாரத்தோடு கரையில், அவருடைய செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றான். காய்ச்சல் வரும், வானுக்கு வா என்றேன்.

"அவ கரையேறட்டும் முதலாளி" என்றான்.

மூன்று வான் முதலாளியாகிய நானும் அவன் பக்கத்தில் நின்றேன்.