ஹார்ட் டிஸ்க்குக்கு விசிறியவர்

கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை சித்தர்களோடு முடிந்துபோனது என்று யாராவது சொன்னால், அவர் எங்கள் கேரியரைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். செத்துக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விண்டோஸை அலுங்காமல் குலுங்காமல் எடுத்துப் புது டிஸ்க்கில் உட்கார வைத்துவிடுவார். ஐகான்கள்கூட இருந்த இடத்திலேயே இருக்கும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கடலூர் முதுநகரிலிருந்து மூன்றடுக்கு டிபன் கேரியரோடு பஸ்ஸில் வருவார், அதனால் கேரியர். கீழடுக்கில் தயிர்சாதம், நடுவில் ஸ்க்ரூ டிரைவர்கள், மேலடுக்கில் வேட்டித் துணியில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்குகள். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "மேல என்னங்க, பொரியலா?" என்று கேட்டிருக்கிறார். "கீரப்பாளையம் வாத்தியாரோட பத்து வருஷம்," என்றாராம் இவர். அந்த ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வேலையைத் தொடங்கும் முன் வீட்டிலிருக்கும் அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்துவார். இரண்டு டிஸ்க்கையும் தொட்டுக்காட்டி, "இது பழசு, இது புதுசு" என்று மூன்று தரம் சொல்ல வைப்பார். இடம் மாறினால் காலி டிஸ்க்கின் வெறுமை நிறைந்த டிஸ்க்கில் போய் ஏறிக்கொள்ளும். அப்புறம் அழுதாலும் எதுவும் திரும்பி வராது. குமராட்சியில் ஒரு வீட்டு மருமகன் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். மனிதர் கேரியரை மூடிக்கொண்டு மினிபஸ் ஏறிவிட்டார். மருமகன் பைக்கில் துரத்திப்போய், மினிபஸ்ஸுக்குள் நின்று மூன்று தரம் சொன்ன பிறகுதான் கேரியர் இறங்கினார்.

எனக்குச் சிதம்பரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகம். வடிவங்கள், எழுத்துகள் எல்லாம் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில். அதிலிருக்கும் தமிழ் மென்பொருளின் சிடி எப்போதோ தொலைந்துபோனது. விற்ற கடையும் இப்போது இல்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அந்த மென்பொருள் போனது போனதுதான். ஆவணி முகூர்த்தங்களுக்கு ஒரு வாரம் இருக்கும்போது டிஸ்க் 'டக் டக்' என்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. உள்ளே பதினோரு கல்யாணம் மாட்டியிருந்தது. நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்களா? அந்த டிஸ்க் போனால் அச்சகத்தை மூட வேண்டியதுதான். என் மனைவி விஜயா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

கேரியர் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஆண்கள் எல்லாரும் அவருக்கு மாமாதான். "ரொம்ப நாள் தாங்காது மாமா. சூடு ஜாஸ்தியா இருக்குது. இன்னிக்கே மாத்திப்புடணும்," என்றார். நானும் விஜயாவும் மூன்று தரம் சொன்னோம். கோயிலில்கூட நான் அவ்வளவு பயபக்தியோடு எதையும் சொன்னதில்லை.

அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் உதவி செய்தேன். டிஸ்க்கின் எந்தெந்தப் பகுதிகளை மாற்ற வேண்டும் என்று திரையில் ஒரு பட்டியல் இருந்தது. பெரிதாக ஒன்று, பக்கத்தில் பெயரே இல்லாமல் துக்கடாவாக ஒன்று. அச்சகத்தில் பெயர் எழுதாத கட்டு கிடந்தால் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவோம். அந்தக் கைப்பழக்கத்தில் துக்கடாவின் டிக்கை எடுத்துவிட்டேன்.

மாற்றம் தொடங்கியது. பத்து சதவீதத்திலேயே பழைய டிஸ்க் சூடாகித் திணறியது. கேரியர் அதை வயரைக் கழற்றாமலே வெளியே எடுத்துவைத்து, வீணாய்ப்போன பத்திரிகை அட்டை ஒன்றால் விசிறத் தொடங்கினார்.

"டேபிள் ஃபேன் இருக்குதுண்ணே," என்றாள் விஜயா.

"ஃபேனு அதிரும்க்கா. இது ஒடம்பு முடியாத புள்ள மாதிரி. கையால விசுறுனாதான் தாங்கும்."

காலை பத்தரைக்குத் தொடங்கியவர் சாயந்தரம் நாலரை வரை விசிறினார். வலது கை ஓய்ந்தால் இடது கை. தயிர்சாதம் திறக்கப்படவே இல்லை. "நான் கொஞ்ச நேரம் விசுறேண்ணே" என்றேன். "வேணாம் மாமா, ஒங்களுக்கு அவசரம் ஜாஸ்தி. வேகமா விசுறிப்புடுவீங்க," என்று மறுத்துவிட்டார். தவம் என்ற சொல்லை எத்தனையோ முறை அச்சடித்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

நூறு சதவீதம். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதியதோடு மட்டும் சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரை. தொடங்குவதற்கு எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி. பழையதைத் திரும்ப மாட்டிப் பார்த்தார். அது 'டக்' என்றுகூடச் சொல்லவில்லை. செத்துப்போயிருந்தது.

"மாமா, ஏதாச்சும் டிக்கு எடுத்தீங்களா?"

சொன்னேன். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"வூட்டுச் சாமான் பூரா வந்துடுச்சி மாமா. வாசக்காலு மட்டும் பழைய வூட்டுலயே நின்னுபோச்சி. புதுசா ஒண்ணு வெச்சிடலாம்."

வாசக்கால் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், விஜயா மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்து கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டாள். கேரியர் அதைக் கும்பிட்டுவிட்டு, ஒரு பென் டிரைவைச் செருகி, கறுப்புத் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். மூன்று வரி அடித்தார், ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வரி அடித்து மறுபடி சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் கண்ணைத் திறந்தது. பதினோரு கல்யாணமும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. நான் அழுதேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருடமாகிறது. புது டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. அதனால் அவர் எங்கள் பக்கம் வரவும் இல்லை. போன வாரம் பொறுக்கமுடியாமல் போன் போட்டு, "அண்ணே, புது டிஸ்க்கும் சத்தம் போடுதுண்ணே," என்று புளுகினேன்.

"அதுல சுத்துற பாகமே கெடையாதே மாமா. சத்தம் எங்கேர்ந்து வரும்?" என்றார். பிறகு, "சரி, நாளைக்கி வரேன். அக்காவ எனக்கும் சேத்து ஒல வெக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். சாயந்தரம் வரை இருந்தார். கம்ப்யூட்டர் பக்கம் அவரும் போகவில்லை, நானும் காட்டவில்லை.