பொம்பளை – 3

ஒருத்தர் கண்ணிலாவது அந்தச் சேலையின் பின்கொசுவம் படுகிறதா? ஏழு மடிப்பு. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தின் அகலம். மடிப்பு கலையாமலிருக்க மடிப்புக்கு ஒன்றாய் ஏழு பித்தளைக் குண்டூசி. இவர்களுக்கு வாயைப் பிளக்கத் தெரிகிறது, கண்ணைத் திறக்கத்தான் தெரியவில்லை.

மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சுபலட்சுமி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கீழே, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொந்தமான காலி மனையில், முருங்கைக் கன்று வைக்கத் தோண்டிய குழியைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். குழிக்குள் ஒரு முழ நீளத் துணிப் பொம்மை குப்புறக் கிடந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அவளே தன் கையால் புதைத்தது.

அழகர்கோவில் சாலையில் பழைய பங்களா ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். அதன் வரவேற்பறைக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய மனிதர்கள் பன்னிரண்டு பேர் வேண்டுமாம். சிவப்புத் தலைப்பாகைப் போலீஸ்காரர், கோட்டுக்குக் கீழே வேட்டி கட்டிய குமாஸ்தா, கை உப்பிய லேஸ் ஜாக்கெட்டும் கண்டாங்கிச் சேலையுமாய் ஒரு சீமாட்டி, இப்படி. "பார்த்தா அசல் பழசுன்னே தோணணும் மேடம்" என்று ஓட்டலை அலங்கரிக்கும் பெண் முத்துமீனா போனில் சொன்னாள். தேயிலை டிக்காஷனில் முக்கினால் துணிக்குப் பழுப்பு வரும். துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீர் கறையைத் தரும். ஆனால் நூறு வருஷம் வாழ்ந்து அலுத்துப்போன களையை மண்தான் தர வேண்டும். சுபலட்சுமியின் வாடகை வீட்டைச் சுற்றி ஒரு கைப்பிடி மண்கூடக் கிடையாது. ஒத்தக்கடையின் புது வீடுகள் எல்லாவற்றையும் போல வாசல்வரை டைல்ஸ். அதனால்தான் சோதனைக்காகச் சீமாட்டியை மட்டும் பக்கத்து மனையில் புதைத்தாள்.

பொம்மை செய்வது அந்தத் தெருவுக்குத் தெரியாது. முன்பு பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவள், ஆண்டுவிழாவுக்கு உடை தைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னே குடியிருந்த தெருவில் ஒரு தடவை ஒருத்தியிடம் பொம்மையைக் காட்டி, "பேட்டரி போட்டா பாடுமா?" என்ற கேள்வியை வாங்கியிருந்தாள். அதன் பிறகு யாரையும் நிலைப்படி தாண்டவிட்டதில்லை.

'போய், என்னுடையது என்று சொல்லி எடுத்து வந்துவிட வேண்டியதுதான்' என்று படி இறங்கினாள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டையும் ஓட்டலில் கொடுக்க வேண்டும். இன்று திங்கள்.

குழியருகே பால்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். மனைக்குச் சொந்தக்காரர், டைல்ஸ் கடை வைத்திருப்பவர்.

"எவன் வச்சான்னு தெரியட்டும்! தெருவுல நடமாட விட மாட்டேன். குடும்பத்தோட மூட்ட முடிச்சக் கட்ட வச்சிருவேன்!"

"ஊசியப் பாரு, தலைமுடியப் பாரு!" அவர் அம்மா சோலையம்மாள் ஒரு கை மண்ணை அள்ளித் தூற்றினாள். "செய்வின வச்ச கை வெளங்காமப் போக!"

சுபலட்சுமி தன்னையறியாமல் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். வீட்டு உரிமையாளர் காதில் இது விழுந்தால்? தனியாக இருப்பவள், வீடு நிறையப் பொம்மைகள், அவற்றின் மேல் ஊசிகள். அடுத்த வீடு தேடுவதற்குள் ஊசி குத்துகிறவள் என்ற பேர் அவளுக்கு முன்னால் போய் நிற்கும்.

"அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"டீச்சர் வந்துட்டாங்க!" என்றாள் பால்பாண்டியின் மனைவி கனகா. "துணி மணியப் பத்தி அவுங்களுக்குத் தெரியாதது இல்ல. டீச்சர், இது புதுசா பழசான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கனகாவைப் பற்றிச் சுபலட்சுமிக்கு உயர்ந்த அபிப்பிராயம் ஏதும் இல்லை. போனில் வருவதையெல்லாம் நம்பி, வெந்தயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிற பெண். ஆனாலும் இப்போது அவள் நீட்டிய கேள்வி கயிறு மாதிரி இருந்தது. பிடித்துக்கொண்டாள்.

"பழசு. நூறு வருஷம் இருக்கும். இந்த மாதிரி ஜாக்கெட் அந்தக் காலத்துல போட்டது. உங்களுக்கு வச்சதா இருக்காது."

சொல்லும்போது உள்ளே ஒரு குளிர்ச்சி ஓடியதை அவளால் மறைக்க முடியவில்லை. எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். நூறு வருஷம் என்றதை ஒருவரும் சந்தேகப்படவில்லை. மண் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

பால்பாண்டியின் முகம்தான் வெளிறியது.

"நூறு வருஷமாவா? அப்ப எங்க தாத்தன் கெணறு வத்துனது, எங்கப்பா எலெக்சன்ல தோத்தது, நான் கணக்குல மூணு தடவ பெயிலானது, அம்புட்டும் இதுதானா?"

"நீங்க இந்த எடத்தை வாங்கியே எட்டு வருஷம்தானே ஆகுது?"

"அதான டீச்சர் வெவகாரமே! வரப்போறவனுக்கும் சேத்து வச்சிருக்கான் பாருங்க, பாவிப்பய!"

இவர்களோடு என்ன பேசுவது? "சரி, நான் கொண்டுபோய் வைகையில விட்டுர்றேன்" என்று குனிந்தாள்.

"தொடாத தாயி!" என்று சோலையம்மாள் அலறினாள். "கோடாங்கி வந்துதான் எடுக்கணும்."

அதற்குள் கனகா ஒரு குச்சியால் பொம்மையின் சேலை ஓரத்தைத் தூக்கிவிட்டாள். உள்பாவாடையில் தைத்திருந்த துணிச்சீட்டு தெரிந்தது. அடையாளத்துக்காகச் சுபலட்சுமி எல்லாப் பொம்மைக்கும் வைப்பது.

"'பொம்பளை, மூணு'ன்னு போட்டிருக்குங்க" என்று கனகா கணவனிடம் வாசித்தாள். விரல் விட்டு எண்ணினாள். "நம்ம வீட்டுல பொம்பளைங்க யாரு? அத்தை ஒண்ணு. நான் ரெண்டு." மூன்றாவது விரலை மடக்காமல் நிறுத்தினாள்.

எல்லாரும் அன்னக்கொடியைப் பார்த்தார்கள். பால்பாண்டியின் அக்கா. கறிக்குழம்பில் உப்பில்லை என்று புருஷன் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு பொங்கலுக்கு வந்தவள். பத்து நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். இப்போது ஆடி பிறந்துவிட்டது.

"யாத்தே!" என்று அன்னக்கொடி நெஞ்சில் கைவைத்தாள்.

அந்த எழுத்து பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது. நூறு வருஷத்துக்கு முன்னால் பால்பாயிண்ட் பேனா ஏது என்று ஒரு மனிதர் கேட்கவில்லை. சுபலட்சுமிக்கு அவர்கள்மேல் ஏறக்குறைய இரக்கமே வந்தது.

செய்வினை எடுக்கிற கோடாங்கி வீரணன் கொட்டாம்பட்டியிலிருந்து வர வேண்டும். புதன்கிழமை மத்தியானம்தான் ஒழியும் என்று போனில் சொல்லிவிட்டார். அதுவரை பொம்மையின் மேல் ஒரு பழைய கூடையைக் கவிழ்த்து, வேப்பிலையைப் போட்டு, மனையின் கேட்டைப் பூட்டினார்கள்.

கோடாங்கி என்ன செய்வார்? எரிப்பார். அது எரிந்தால் ஓட்டலுக்குப் பதினொன்றுதான். இன்னொன்று செய்யலாம். பன்னிரண்டு நாள் மண்ணை எங்கே வாங்குவது?

இரண்டு பகல் குனிந்த தலை நிமிராமல் சுபலட்சுமி குழியில் மாற்றி வைக்க இன்னொரு பொம்மையைத் தைத்தாள். மிச்சமிருந்த அதே கண்டாங்கித் துண்டு, அதே லேஸ், அதே சவரி முடி. சீட்டையும் எழுதி வைத்தாள். டிக்காஷனில் இரண்டு தடவை முக்கி, வெயிலில் உலர்த்தினாள். பழுப்பு வந்தது. களை வரவில்லை. 'இந்தக் கண்களுக்கு இது போதும்' என்று விட்டுவிட்டாள்.

புதன் காலை ஒரு வாய்ப்பும் வந்தது. கோடாங்கி வருவதற்கு முன் நரசிங்கம் கோயிலுக்குப் போய் வந்தால் நல்லது என்று கனகா எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போனாள். போகிற அவசரத்தில் மனையின் கேட்டைப் பூட்டவில்லை. பூட்டு கொக்கியில் வாயைத் திறந்துகொண்டு தொங்கியது. பேய்க்குப் பயந்து கோயிலுக்கு ஓடுகிறவர்களுக்குக் கேட்டைப் பூட்டத் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே சுபலட்சுமி ஒரு பையோடு உள்ளே போய், ஒரு பையோடு வெளியே வந்தாள்.

மத்தியானம் வீரணன் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உடுக்கையை எடுத்தார். அடிக்கும்போது மணிக்கட்டில் நடையை எண்ணும் கடிகாரம் ஒவ்வொரு அடியையும் நடையாக எண்ணிக்கொண்டது. தெரு முழுவதும் கூடியிருந்தது. வராவிட்டால் சந்தேகம் வரும் என்று சுபலட்சுமியும் ஓரத்தில் நின்றாள்.

கூடையைத் தூக்கினார்.

பால்பாண்டி இரண்டடி பின்னால் போனார். "சாமி! திங்கக்கெழம இது கெழவியால்ல கெடந்துச்சு!"

"ஆமாய்யா, சேலையெல்லாம் இத்துப்போயிக் கெடந்துச்சே!"

"ஜாக்கெட்டப் பாரு, நேத்துத் தச்ச கணக்கா இருக்கு!"

"எளசாகுதுடா! பொம்ம எளசாகுது!"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தெரு துணியைக் கவனித்துவிட்டது. அதுவும் இன்றைக்குப் பார்த்து.

வீரணனே ஒரு கணம் உடுக்கையை மறந்து நின்றார். இப்படி ஒன்றை அவரும் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு தொழில் அவரைக் காப்பாற்றியது.

"உசிரக் குடிக்குது" என்றார். "யாரோ ஒருத்தரக் குடிச்சுத்தான் இது எளசாகுது. சீட்டு யாரு பேருக்கு?"

"எனக்குச் சாமி!" அன்னக்கொடி அழுதே விட்டாள். "ரெண்டு நாளா முட்டி கடுக்குது, முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது!"

"ஆமா மதினி, நீங்க பாதியா எளச்சுப் போயிட்டீங்க" என்றாள் கனகா.

இளைத்துவிட்டாய் என்று அன்னக்கொடியிடம் இதுவரை எவரும் சொன்னதில்லை. அழுகைக்கு நடுவே ஒரு வினாடி குனிந்து தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

"பொழுது சாயறதுக்குள்ள மண்ண விட்டு மாறணும். புருஷன் வீட்டு வாசல மிதிச்சாத்தான் கட்டு அறுகும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு வீரணன் பொம்மையின் மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். லேஸ் ஜாக்கெட் முதலில் பிடித்தது. சுபலட்சுமி தன் இரண்டு பகல் எரிவதைப் பார்த்துக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நாலு மணிக்கெல்லாம் அன்னக்கொடி ஆறு பைகளோடு ஆட்டோவில் ஏறிவிட்டாள். ஆரப்பாளையத்தில் தேனி பஸ்.

வியாழன் சாயங்காலம் சுபலட்சுமி பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அனுப்பியிருந்த படங்களைப் பார்த்துவிட்டு முத்துமீனா போன் செய்திருந்தாள். எல்லாம் அருமையாம். மூன்றாம் நம்பர் மட்டும் ரொம்ப அழுக்காகத் தெரிகிறதாம், டிரை கிளீன் செய்து தர முடியுமா என்று கேட்டாள். சுபலட்சுமி போனை வைத்துவிட்டாள். மண்ணுக்குள் பன்னிரண்டு நாள்! கூடைக்கடியில் இரண்டு நாள்! அதற்காக ஒரு தெருவே ஆடி முடித்திருக்கிறது. முட்டாள்கள் பக்கத்து வீட்டில் மட்டும் இல்லை.

கதவைச் சாத்த மறந்திருந்தாள். கையில் பணியாரத் தூக்கோடு கனகா நிலைப்படியைத் தாண்டி உள்ளே நின்றாள்.

சுபலட்சுமி எழுந்து பெட்டியை மறைத்தாள். தாமதமாகிவிட்டது. கனகா குனிந்து, சீமாட்டியைத் தூக்கி, முகத்தைப் பார்க்காமல் முதுகுப்பக்கம் திருப்பினாள்.

"இதுல ஏழு மடிப்பு இருக்கு" என்றாள். "நேத்து எரிச்சதுல அஞ்சுதான். அவசரமா வச்சீங்களோக்கா?"

சுபலட்சுமி பெட்டியருகே உட்கார்ந்தாள். ஐந்துதான். துணி பற்றவில்லை. அவளைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் அது தெரியாது என்று நினைத்திருந்தாள். பயப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எண்ணியிருக்கிறாள். ஒருத்தி எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

"நீ எப்ப..."

"நீங்க குழி தோண்டயில நான் மொட்டமாடில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன்." கனகா பொம்மையைப் பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல் பெட்டியில் வைத்தாள். "முருங்கக் கன்ன அங்ஙனதான் வைக்கணும்னு அவுக கையில மம்பட்டியக் குடுத்ததே நான்தான். பூட்டையும் தொறந்துதான போட்டுட்டுப் போனேன். பணியாரம் சூடா இருக்கு, சாப்பிடுங்க."

பக்கத்து வீட்டில் சோலையம்மாள் யாரையோ ஏசுகிற சத்தம் கேட்டது. கனகா கொஞ்ச நேரம் அதைக் காதுகொடுத்துக் கேட்டாள். பிறகு சீட்டு எழுதுவதற்காக மேசைமேல் திறந்து கிடந்த பேனாவை எடுத்துச் சுபலட்சுமியின் கையில் வைத்தாள்.

"இன்னொரு பொம்ம வேணும்க்கா. இந்தத் தடவ சீட்டுல 'ஒண்ணு'ன்னு போட்டுருங்க."

சுபலட்சுமி பேனாவைப் பார்த்தாள். கனகாவைப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

"ஒண்ணாம் நம்பர் ஓட்டலுக்குப் போகுது, கனகா. உங்க அத்தைக்குன்னு தனியா ஒண்ணு தைக்க மாட்டேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.