எதிர்வீட்டு நீல ஸ்கார்ஃப்

“அப்பா, காத்துதான் கண்ணுக்கே தெரியாதே, அப்புறம் அது வந்திருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

மகள் இதைக் கேட்டபோது போட்டோக்காரர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஏதாவது ஆடும்டா. அதைப் பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியதுதான்” என்று தலை நிமிராமலே சொன்னார். அந்தப் பதிலே பின்னால் தன் பிழைப்பாகும் என்று அவர் நினைக்கவில்லை.

ஸ்டூடியோவுக்கு ஆள் வருவது குறைந்துபோனதும், மைத்துனன் தன் சின்ன டிரோனை இரவல் கொடுத்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும், பலமாகத் தும்மினால் தள்ளிப் போய்விடும். கூடவே ஒரு யோசனையும் இலவசம். “இலை ஆடினா பறக்க விடுங்க மாமா. கிளை ஆடினா பெட்டியையே திறக்காதீங்க.”

அவர்கள் தெருவில் மரமே கிடையாது. இலைக்கு எங்கே போவது என்று வீடு முழுக்கப் புலம்பித் திரிந்தார். கடவுள் காதில் விழுந்துவிட்டதோ என்னவோ, கொஞ்ச நாளில் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மொட்டை மாடியில் ஒரு நீல ஸ்கார்ஃப் காயத் தொடங்கியது. சோம்பலாக அசைந்தால் பறக்கலாம், படபடத்தால் கூடாது. அது ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஒவ்வொரு காலையும் பெட்டியைத் திறக்குமுன், ‘ஆண்டவனே, ஒரே ஸ்கார்ஃபைத் தினமும் அலுக்காமல் துவைக்கிற அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்’ என்று மனதார வேண்டிக்கொள்வார்.

மனைவிக்கு இந்த பக்தி அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

“தினமும் விடிஞ்சதும் எதிர்வீட்டு மாடியில அப்படி என்ன பார்வை?”

“காத்து பாக்கறேன்.”

“ஓகோ. காத்து நீலக் கலர்ல வருதா?”

தையல்காரம்மாவுக்கு அவர் ஒருமுறை சின்ன உதவி செய்ததுண்டு. பேய்க்காற்று அடித்த ஒரு விடிகாலையில், தைத்து முடித்துக் கொடியில் போட்டிருந்த யார் யாருடைய துணிகளோ தெருச் சேற்றில் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி, ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் அலசி, இஸ்திரி போட்டு, ஒரு பையில் அடுக்கி, ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்தார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நல்லதைச் செய்துவிட்டு அதற்குத் தண்டோரா போடக் கூடாது என்பது அவர் கொள்கை.

ஒருநாள் காலையில் ஸ்கார்ஃபைக் காணோம்.

அதுவும் அன்று பார்த்து. பின்தெரு நர்சரிப் பள்ளியின் ஓட்டுக்கூரை ஒழுகியது. எந்த ஓடு உடைந்திருக்கிறது என்று மேலிருந்து படம் எடுத்துத் தர வேண்டும். மறுநாள் கொத்தனார் வருகிறார். படம் சரியாக வந்தால் தொடர்ந்து வேலை கிடைக்கும். டிரோன் போய்விட்டால் மைத்துனன் முகத்தில் விழிக்க முடியாது.

“எதிர்வீட்டுல போய்க் கேளுங்களேன்” என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. என்னவென்று கேட்பது? உங்கள் ஸ்கார்ஃபை ஏன் இன்னும் துவைக்கவில்லை என்றா? அந்த அம்மாவின் கணவர் பேக்கரி மாஸ்டர். மாவு மூட்டையைக் குழந்தை மாதிரி தூக்குகிறவர்.

போனைப் பார்த்தார். அது விமான நிலையத்துக் காற்றைச் சொன்னது. விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்தார். பயத்தில் தண்ணீர்க் குவளைக்குள் முழு விரலையும் முக்கியிருந்ததால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலச் சில்லிட்டது. கடைசியில் மகளின் பவுடர் டப்பாவை எடுத்து ஒரு பிடி தூவினார். சுவர் மறைவில் பவுடர் நேராகக் கீழே இறங்கியது. அதே நேரம் கீழ்வீட்டு வக்கீல் கறுப்புக் கோட்டோடு வாசலுக்கு வந்தார்.

ஈரத் துணியால் துடைக்கப்போய், கோட்டில் விழுந்த பவுடர் பசையாக ஒட்டிக்கொண்டது. வக்கீல் வேறொரு கோட்டை மாட்டிக்கொண்டு, “சாயங்காலத்துக்குள்ள இது பழையபடி இருக்கணும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். போட்டோக்காரர் அதை நன்றாக அலசித் தன் மாடிக்கொடியில் போட்டார். போட்டவர் கண் மலர்ந்தது. தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கிய கோட்டு இம்மிகூட அசையவில்லை.

“காத்தே இல்ல” என்று ஆண்டவனுக்கு நன்றி சொல்லி டிரோனை ஏற்றினார்.

ஈரக் கோட்டை ஆட்ட யானை காது வீச வேண்டும் என்பது அப்போது தோன்றவில்லை. மாடிக்கு மேலே போனதும் டிரோன் பக்கவாட்டில் வழுக்கியது. திரும்பி வரும் பொத்தானை அழுத்தினார். அது இவரைப் பார்த்தபடியே பின்னால் போனது. உயரத்தைக் குறைத்தால் காற்றும் குறையும் என்று அவசரமாக இறக்கினார். இறங்கியது. எதிர்வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ‘டப்’பென்று.

பள்ளிக்குப் போன் போட்டு மாலைவரை பொறுக்கச் சொன்னார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு, மனதுக்குள் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

பேக்கரி மாஸ்டர் வாசல் நிறைய நின்றார்.

“தினமும் காலைல எங்க மாடியையே பாத்துக்கிட்டு நிப்பாரே, அது நீங்கதானே?”

“ஆமாங்க. வந்து, காத்து...”

மாஸ்டர் உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். அதற்குள் டிரோன் இருந்தது. ஓர் இறக்கை மட்டும்தான் முறிந்திருந்தது. மாற்று இறக்கை பெட்டியிலேயே உண்டு. கும்பிட்டுவிட்டுப் பையை வாங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அன்று துணிகளை அடுக்கிக் கதவில் மாட்டிய அதே பை. அதன் முகப்பில் பெரிய எழுத்தில் அவருடைய ஸ்டூடியோ பெயர், விலாசம், போன் நம்பர், ‘மறுபடியும் வருக’.

காது மடல் சிவக்க, “மாடியில துணி காயலைன்னதும் எனக்குக் காத்து தெரியாமப் போச்சு, அதான் இப்படி ஆயிடுச்சு, மன்னிச்சுக்கங்க” என்று முனகினார்.

“நீங்கதான் என்னை மன்னிக்கணும்” என்றார் மாஸ்டர், கையிலிருந்த மாவைத் தட்டியபடி தலையைக் குனிந்துகொண்டு. “அந்தப் பேய்க்காத்துக்கு அப்புறம் நாங்க மாடியில துணியே காயப்போடறதில்லைங்க, காத்து பாக்கத் தெருவுல இலை இல்லைன்னு உங்க பாப்பா வந்து சொன்னதுலேருந்து என் சம்சாரம்தான் தினமும் அந்த ஸ்கார்ஃபை உங்களுக்காகக் கட்டிட்டு வருவா, நேத்து ஊருக்குப் போறப்போ என்னைக் கட்டச் சொல்லிட்டுத்தான் போனா, நான்தான் மறந்துட்டேன்.”