மார்பு ஸ்கேனும் மூன்று பாட்டில் தண்ணீரும்

எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். கொழிஞ்சாம்பாறையில் வளையல் கடை வைத்து, வருகிற பெண்களுக்கெல்லாம் யோசனை சொல்லியே வளர்ந்த திமிர் அது.

ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. திமிர் மொத்தமும் இறங்கிவிட்டது. (சின்னவளுக்கு இனி யார் தலை பின்னிவிடுவார்கள் என்றுதான் முதலில் அழுதேன்.) டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். உள்ளூர் என்றால் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று பொள்ளாச்சிக்குக் கிளம்பினோம்.

இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு ஸ்கேனைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்? வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்க வேண்டும். பஸ்ஸிலேயே மூன்று பாட்டில் காலி.

"ஏம்புள்ள, மார்ல எடுக்கறதுக்கு என்னத்துக்கு இத்தன தண்ணி?" என்றார் கணவர்.

"நீங்களா புள்ள பெத்தீங்க? சும்மா வாங்க."

ஒவ்வொரு வேகத்தடையிலும் அல்லாஹ்வைக் கூப்பிட்டேன். அங்கே போனால் எனக்கு முன்னால் ஒன்பது பேர்!

ஒருவழியாக என் முறை வந்தது. டாக்டரம்மா ஜில்லென்று ஜெல்லைத் தடவி, கருவியை அழுத்தி நகர்த்தினார்.

"மூச்சை அடக்காதீங்கம்மா."

"நான் அடக்கறது மூச்ச இல்லீங்க டாக்டர்!"

"அடடா, இந்த ஸ்கேனுக்குத் தண்ணியே வேண்டாமே! யார் சொன்னாங்க?"

பதில் சொல்ல ஏது நேரம்? ஆஸ்பத்திரி அங்கியை வாரிச் சுருட்டிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓடினேன். உள்ளே ஏதோ கெட்ட சேதி சொல்லிவிட்டார்கள் என்று நினைத்து, கணவரும் கண்ணீரோடு பின்னாலேயே ஓடிவந்தார்.

"என்ன சொன்னாங்க புள்ள? எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம் புள்ள!"

"முதல்ல வழிய விடுங்க!"

திரும்பி வந்து படுத்தபின் டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார். "வெறும் நீர்க்கட்டிதாம்மா. பயப்பட ஒண்ணுமில்ல." அப்போதுதான் எனக்கு ஓவென்று அழுகை வந்தது.

அதற்குப் பிறகு இந்தக் கதையைக் கணவர் சொல்லாத இடமில்லை. கல்யாணப் பந்தியில்கூட, "அவளுக்குத் தண்ணி ஊத்தாதீங்க, ஸ்கேன் எடுக்கப் போயிருவா" என்பார். கொன்றுவிடலாம் போல இருக்கும்.

போன மாதம் ராணி கடைக்கு வந்தாள். பக்கத்துத் தையல் கடைக்காரி. கூட்டம் போகும்வரை வளையலைப் போட்டுப் போட்டுக் கழற்றினாள்.

"ஏனுங்க்கா, அந்த ஸ்கேனுக்கு நெசமாவே தண்ணி குடிக்க வேண்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எத்தன நாளா இருக்குது?"

"தீவாளிக்கு முன்னாடியே இருக்குதுங்க்கா. ஊட்ல சொல்லல."

ஷட்டரை இறக்கிவிட்டு அவளைப் பொள்ளாச்சிக்குக் கூட்டிப்போனேன். இப்படிக் கேட்டு வந்தவர்களில் அவள் நான்காவது ஆள். இப்போதெல்லாம் கணவர் அந்தக் கதையை ஆரம்பித்தால் நான் தடுப்பதில்லை.