வேகத்தடை அண்ணனும் முப்பது முட்டைகளும்

ஒரு முட்டைகூடத் தின்னாமல் நாமக்கல் ஜில்லாவிலேயே அதிக முட்டைகளை உடைத்தவர் யார் என்று போட்டி வைத்தால், எங்கள் வேகத்தடை அண்ணனைத் தவிர வேறு யாரும் மேடைப் பக்கமே வர முடியாது. முட்டை வாடை பட்டாலே அவருக்குக் குமட்டும். ஆனால் அவர் செய்த தொழிலோ, முட்டை அடுக்கும் காகித அட்டை தயாரிப்பு.

புதுச்சத்திரம் பக்கம் சாலையோரமாக ஒரு தகரக் கொட்டகை. பழைய பேப்பரைத் தொட்டியில் ஊறப்போட்டுக் கூழாக்கி, அச்சில் ஊற்றி, வாசலில் வெயிலில் காயவைத்தால் அட்டை தயார். வேலைக்குப் பதினோரு பெண்கள். எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த என்னை ‘மேனேஜர்’ என்று சேர்த்துக்கொண்டார். மழை வந்தால் அட்டைகளை அள்ள முதல் ஆளாக ஓடுகிறவனுக்குத்தான் அந்தப் பதவி என்பது சேர்ந்த அன்றே தெரிந்துவிட்டது.

பழைய பேப்பர் மூட்டையில் கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டால் போச்சு. கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் பிள்ளையாரை மட்டும் வெட்டி எடுப்பார்.

“அண்ணா, நேரமாவுதுங்க” என்பேன்.

“சாமிய ஊறப்போட்டு அரைக்க முடியுங்களா தம்பி? பாவமுங்க.”

வெட்டியதையெல்லாம் ஆபீஸ் அறைச் சுவரில் ஒட்டுவார். முகூர்த்த மாதங்களில் உற்பத்தி பாதியாகும், பிள்ளையார் இரட்டிப்பாவார். நான் சேர்ந்தபோதே சுவரில் சுண்ணாம்பு தெரியவில்லை.

பெயர்க் காரணத்துக்கு வருகிறேன். கொட்டகைக்கு முன்னால் சாலையில் ஒரு வேகத்தடை. முதுகு போகிறது, எடுத்துவிடுங்கள் என்று ஊரே மனு கொடுத்தபோது, எடுக்கக் கூடாது, இன்னும் ரெண்டு விரல் உசத்துங்கள் என்று தனியாக மனு கொடுத்த ஒரே மனிதர் இவர். அது அவருடைய பரிசோதனைக்கூடம். தினம் பதினோரு மணிக்கு ஒரு அட்டையில் முப்பது முட்டையை அடுக்கி, மேலே இன்னொரு அட்டை கவிழ்த்து, மொபெட்டின் பின்னால் ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டு, அந்த வேகத்தடையை மூன்று தரம் பறந்து தாண்டுவார். உடைந்த முட்டையெல்லாம் மத்தியானம் எங்களுக்கு ஆம்லெட்.

இதனால் கொட்டகையில் ஒரு தர்மசங்கடம். அட்டை நன்றாக வந்தால் வெறும் குழம்பு, மோசமாக வந்தால் ஆம்லெட். சரசக்கா என்று ஒருவர், கூழ் ஊற்றுவதில் கெட்டிக்காரர். அவரே வாசலில் நின்று கத்துவார்: “இன்னும் கொஞ்சம் வெரசாப் போங்கண்ணா, ஒண்ணுகூட ஒடையலீங்க!”

அந்தச் சரசக்கா முன்பெல்லாம் வருஷத்தில் பாதி நாள் வெளியூர்ச் செங்கல் சூளையில் இருந்தவர். கூடவே மகளும் போவாள். படிப்பு பாதியில் நிற்கும். அட்டை வேலை கிடைத்த பிறகுதான் அந்தப் பெண் ஒரே பள்ளிக்கூடத்தில் நிலையாகப் படித்துப் பதினொன்றாவதுக்கு வந்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான், எங்கள் அட்டையில் முக்கால்வாசியை வாங்கிய கோழிப்பண்ணைக்காரர் காரில் வந்து இறங்கினார்.

“ஏனுங்க, பிளாஸ்டிக் ட்ரே ஒடையாது, கழுவிக்கலாம். உங்க அட்டை ஒரு மழைக்குத் தாங்குமுங்களா?”

“கரையுமுங்க” என்றார் அண்ணன். “கரைஞ்சா மறுக்கா எந்தொட்டிக்கே வந்துருமுங்க. பிளாஸ்டிக்கு ஒடைஞ்சா எங்கீங்க போகும்? உங்கூர் ஏரிக்குத்தானுங்க போகும்?”

“பேச்செல்லாம் வேண்டாமுங்க. வியாழக்கெழம வாரேன். எம்முன்னாடி அந்த மேட்டைத் தாண்டிக் காட்டுங்க. ஒரு முட்டை விரிசல் உட்டாலும் நான் பிளாஸ்டிக்குக்குப் போயிருவேன்.”

அவர் போனால் கொட்டகையை மூட வேண்டியதுதான். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சரசக்கா மட்டும் மெல்லச் சொன்னார்: “மறுபடியும் சூளைன்னா எம்புள்ள படிப்பு அவ்வளவுதானுங்க.”

வியாழக்கிழமை சுவர்ப் பிள்ளையார் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே சூடம் கொளுத்தினோம். சரசக்கா மொபெட்டுக்குக் குறுக்கே வந்து நின்றார். “இன்னைக்கு மட்டும் மெதுவாப் போங்கண்ணா.”

“மெதுவாப் போனா அது டெஸ்ட்டுங்களா அம்முணி? நவுருங்க.”

இந்த மனிதரின் நேர்மையை அன்றைக்கு நான் மனதுக்குள் திட்டாத திட்டில்லை. வழக்கத்தைவிட வேகமாகப் போனார். முதல் தரம் தாண்டினார். இரண்டாம் தரமும் தாண்டினார். மூன்றாம் தரம் மேட்டில் ஏறிப் பறந்துகொண்டிருக்கும்போதே குறுக்கே ஒரு ஆடு வந்தது. ஆடு பிழைத்தது. மொபெட் சாய்ந்தது. அண்ணன் சாலையோரப் பள்ளத்தில் போய் விழுந்தார்.

பதினோரு பெண்களும் நானும் ஓடினோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவரிடம் ஓடவில்லை, முட்டையிடம் ஓடினோம். பள்ளத்துக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. “ஒடஞ்சுச்சுங்களா?”

பண்ணைக்காரர் யாரையும் தொட விடவில்லை. தானே பட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு முட்டையாக எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரசக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார். முப்பதாவது முட்டையையும் வைத்துவிட்டுப் பண்ணைக்காரர் பள்ளத்தை எட்டிப் பார்த்துச் சொன்னார்:

“எந்திரிச்சு வாங்க. அடுத்த லோடு எப்ப அனுப்பறீங்க?”

எங்கள் வயிற்றில் பால் வார்த்தார். மூச்சு விடுவது இவ்வளவு சுகமான காரியம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சரசக்கா அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் எல்லோருக்கும் அண்ணன் ஞாபகம் வந்து, கையைக் கொடுத்துத் தூக்கினோம். முழங்கை நன்றாகச் சிராய்த்திருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்தபோதுதான் உறைத்தது: ஒரு முட்டைகூட உடையவில்லை, ஆகவே இன்றைக்கு வெறும் குழம்பு. யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அடுப்படியில் டக், டக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், அண்ணன் துண்டை மூக்கில் இறுகக் கட்டிக்கொண்டு, குமட்டலை விழுங்கிக்கொண்டு, பிழைத்து வந்த அந்த முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார்.

“அம்முணி, இந்த நாலு முட்டை உங்க புள்ளைக்கு” என்று தனியாக எடுத்து சரசக்காவிடம் நீட்டினார். “படிக்கற புள்ள, நல்லாச் சாப்பிடோணுமுங்க.”

கண்ணில் தண்ணீரோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார் அண்ணன், பாவம், வாடை தாங்காமல். அவரை அந்தக் கோலத்தில் பார்த்ததுமே எங்களுக்கு வயிறு நிறைந்துவிட்டது. ஆம்லெட் அதற்குப் பிறகுதான் வந்தது.